வேலைநாள் இரவுக்குப் புதுக்கறி வேண்டுமா? இந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன?

இரண்டாம்பால் (பாலையூற்று, திருகோணமலை), சனி காலை 7.10

திங்கள் தொடங்கி வெள்ளி வரை எங்கள் வீட்டில் இரவுக்கு என்ன சாப்பிட்டோம் என்று அப்படியே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். விருந்துச் சமையல் வேண்டாம், வேலைநாள் சமையல் மட்டும்.

திங்கள் புட்டு அவித்தேன். மத்தியானத்துப் பாரைக் குழம்பு மிச்சம் இருந்தது, ஒரு தேங்காய்ச் சம்பல் மட்டும் புதிதாக இடித்தேன். செவ்வாய் பாண் ஓட்டோவில் ஒரு றாத்தல் பாண் வாங்கி, காலையில் வைத்த பருப்பைச் சூடாக்கி, ஆளுக்கொரு முட்டை பொரித்துக் கொடுத்தேன். புதன் கடை இடியப்பம், வீட்டுச் சொதி. வியாழன் தேங்காய்ப்பூ ரொட்டியும், ஞாயிற்றுக்கிழமையே செய்து போத்தலில் போட்டிருந்த மாசிச் சம்பலும். நேற்று வெள்ளி, மீன், இறைச்சி, முட்டை என்று எந்த மச்சமும் இல்லை. சோறு, காலையில் வைத்த கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த அப்பளம்.

நான் காலை 4.45க்கு எழும்பி நாலு பேருக்கும் மத்தியானச் சோறு கட்டிவிட்டுத்தான் கந்தோருக்குப் போகிறேன். 4.15க்கு வேலை முடிந்து, பஸ் பிடித்து, மகனை ரியூசனில் இருந்து கூட்டிக்கொண்டு வீட்டுப் படியேற ஆறரை ஆகிவிடும். ஒரு நாளில் இரண்டு தரம் கறி வைக்க என்னால் முடியாது. முடிந்தாலும் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். இரவுக்குப் புதிதாக ஒன்று இருந்தால் போதும். அது சம்பலாக இருக்கலாம், சொதியாக இருக்கலாம், ஒரு முட்டையாகவும் இருக்கலாம். மற்றது பகலில் சமைத்ததாக இருப்பதில் என்ன குறை?


நீத்துப்பெட்டி (உப்புவெளி), சனி 9.25

பிள்ளை, உம்முடைய கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே வீடு பார்த்தவள். ஆனாலும் நீர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

காலையும் மத்தியானமும் நம் வீடுகளில் யாரும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் பெட்டியைத் திறக்கிறது, தகப்பன் வேலைத்தலத்தில் பார்சலைப் பிரிக்கிறார். எல்லாரும் ஒரே இடத்தில் இருந்து சாப்பிடுவது இரவில் மட்டும்தான். நல்லதைப் பெட்டிக்குள் போட்டு வெளியே அனுப்பிவிட்டு, சேர்ந்திருக்கும் அந்த ஒரு நேரத்துக்குச் சட்டியின் அடியை வழித்துப் போடுவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

அடுத்தது அந்தக் கத்தரிக்காய்ப் பால்கறி. காலை ஐந்தரைக்கு இறக்கியதை இரவு எட்டுக்குச் சாப்பிட்டால் பதினாலரை மணிநேரம். ஆனி, ஆடியில் இங்கே வெயில் 35 பாகை வரை போகும். தேங்காய்ப்பால் விட்ட கறி அந்தச் சூட்டைத் தாங்காது.

நான் செய்வதைச் சொல்கிறேன், நேரத்தை நீரே கணக்குப் பாரும். சுண்டு என்ற அளவுப் பேணியால் வறுத்த சிவப்பரிசி மா ஒரு சுண்டு, அவிச்ச கோதுமை மா ஒரு சுண்டு. கொதிநீரில் உப்பைக் கரைத்து, ஒரு கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மறு கையில் அகப்பைக் காம்பால் கிளறுவேன். கை பொறுக்கும் சூடு வந்ததும் விரலால் பிசறிவிட்டு, கட்டிபட்டதைச் சுண்டின் விளிம்பால் கொத்திக்கொண்டு வருவேன். முதலில் சத்தம் மொத்தையாகக் கேட்கும். மா குறுணி குறுணியாக உதிரத் தொடங்கியதும் அந்தச் சத்தம் மாறிவிடும், அங்கே நிறுத்த வேண்டும். மேலும் கொத்தினால் தூளாகிப் புட்டு அடைந்துவிடும். தேங்காய்ப்பூவைக் கலந்து, நீத்துப்பெட்டியில் அமத்தாமல் அள்ளிப் போட்டு, ஆவி மேலால் வந்தபின் பத்து நிமிடம். அது அவியும்போது மற்ற அடுப்பில் முருங்கையிலை வறையோ வெண்டிக்காய்க் குழம்போ முடிந்துவிடும். எல்லாமாக நாற்பது நிமிடம். பிள்ளைகளுக்காக நாற்பது நிமிடம் கிடைக்காதா?


இரண்டாம்பால் (பாலையூற்று), சனி 9.58

ரீச்சர், அந்தப் பால்கறி பகல் முழுக்க வெளியே இருந்ததல்ல. அதை எழுதாமல் விட்டது என் பிழை. இறக்கியதும் இரவுக்கான பங்கை அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறேன். சமைத்தது இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணிநேரம்தான். ஆழமான சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி ஆறவே கனநேரம் எடுக்கும், அதனால்தான் அகலப் பாத்திரம். இரவில் சூடாக்கும்போது ஓரம் கொதித்தால் போதாது, நடுவும் கொதிக்கும்வரை விடுவேன்.

நாற்பது நிமிடக் கணக்கில் தேங்காய் உடைத்துத் துருவியது இல்லை. முருங்கையிலை உருவியது இல்லை, அது மட்டுமே கால் மணிநேரம் தின்னும். சட்டி கழுவியதும் இல்லை.

சேர்ந்திருப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். போன வருடம் பாதி வரை நான் இரவிலும் கறி வைத்தேன். பிள்ளைகள் எட்டு மணிக்குச் சாப்பிடுவார்கள், அவர் எட்டரைக்கு, நான் அடுப்படியைத் துடைத்துவிட்டு ஒன்பதரைக்கு நின்றபடியே நாலு வாய். எல்லாரும் சேர்ந்த அந்த இடத்தில் நான் இருந்ததே இல்லை. இப்போது எட்டு மணிக்கு நாலு பேரும் இருக்கிறோம்.


கரைவலை (சல்லி), சனி 11.30

மீன்பக்கம் நான் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடற்தொழில்.

மாலை ஐந்தரைக்குச் சந்தியில் பலகையில் கிடக்கும் மீன் பெரும்பாலும் காலையில் கரையேறியது. ஐஸில் இருந்தால் பிரச்சினை இல்லை. ஐஸ் இல்லாமல் வெயிலைப் பார்த்துக் கிடந்தால், முக்கியமாகச் சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற ஒன்று சேரும். கண்ணுக்கும் தெரியாது, சில நேரம் மணத்திலும் தெரியாது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடியும் சத்தியும் வரும். சனங்கள் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கிழமையும் அதே பலகையில் வாங்குவார்கள்.

ஆகவே ரீச்சரிடம் கேட்கிறேன். காலை ஏழு மணிக்கு வாங்கி அப்போதே பழப்புளி விட்டு வைத்த குழம்பு புதிதா, அதே மீன் பகல் முழுக்க வெயிலில் கிடந்து இரவு எட்டு மணிக்கு இறங்கிய குழம்பு புதிதா? அடுப்பில் இருந்து இறங்கிய நேரத்தைப் பார்க்காமல் மீன் கடலில் இருந்து ஏறிய நேரத்தைப் பாருங்கள். மீனுக்குக் காலைச் சமையல்தான் சரி. எங்கள் அம்மா தேங்காய்ப்பால் விடாத புளிக்குழம்பை மண்சட்டியில் வைத்து, இரவு அதையே சுண்டவைத்துத் தருவார். சட்டியில் ஒட்டிய குழம்பைச் சோறு போட்டுப் பிரட்டி எடுக்க நாங்கள் அடிபடுவோம்.

தங்கச்சி, உங்களிடமும் ஒரு கேள்வி. 4.45க்கு எழும்பிச் சமைக்கிறீர்கள், அந்த நேரத்தில் மீன் வாங்க முடியாது. திங்கட்கிழமைப் பாரை எப்போது வாங்கியது?


இரண்டாம்பால் (பாலையூற்று), சனி 11.52

ஞாயிறு காலை அண்ணா. வாங்கி வந்த கையோடு வெட்டி, கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி, ஒரு நேரத்துக்கு ஒரு டப்பா என்று பிரித்து மேல்தட்டில் உறையவைப்பேன். முதல் நாள் இரவு ஒரு டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும்.


கரைவலை (சல்லி), சனி 12.05

அப்படியென்றால் சரி. இளகியதை மறுபடி உறையவைக்காதீர்கள், அவ்வளவுதான். மாரியில் வாடைக்காற்று எழும்பி நாங்கள் கடலுக்குப் போகாத நாட்களில் சந்தையில் என்ன மீன் கிடைக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் உங்கள் டப்பா மீன் அதைவிட மேல்.


கட்டித்தயிர் (கிண்ணியா), சனி 2.40

எங்கள் பக்கம் பிட்டு என்றுதான் சொல்வோம். நேற்று இரவு எங்கள் வீட்டில் பிட்டு, எருமைத் தயிர், சீனி, ஆளுக்கொரு வாழைப்பழம். கறியே இல்லை. பிள்ளைகள் இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிட்டு சூடாக இருக்க வேண்டும், தயிர் குளிர்ந்திருக்க வேண்டும், சீனி கரையும்முன் வாயில் போட வேண்டும். இதில் எது பழையது, எது புதியது?

2009 அக்டோபரில் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடந்து வருவோம். வாப்பா டவுனில் வேலை முடித்து வந்து பாதைக்குக் காத்து நின்று, வீடு சேர எட்டரை, ஒன்பது ஆகும். எப்போது வருவார் என்று தெரியாது. உம்மா கறியைப் பின்னேரமே முடித்துவிடுவார். மாவையும் கொத்தி மூடி வைத்திருப்பார். வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் பிட்டை ஆவியில் ஏற்றுவார். அதனால் நான் தங்கச்சியின் பக்கம்தான், ஆனால் ஒரு திருத்தம். புதிதாக இருக்க வேண்டியது சம்பலோ முட்டையோ அல்ல. அவிக்கிற பண்டம் புதிதாக இருக்க வேண்டும். கடை இடியப்பத்தையும் பாணையும் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு முட்டை பொரித்தால் அதை நான் சமையல் என்று சொல்லமாட்டேன்.


இரண்டாம்பால் (பாலையூற்று), சனி 3.15

ராத்தா, அங்கேதான் நமக்குள் வேறுபாடு. இடியப்பத்தைக் கடையில் வாங்கலாம், நல்ல சொதியைக் கடையில் வாங்க முடியாது. எங்கள் சந்தியில் ஒரு அம்மா வீட்டில் அவித்து விற்கிறார், என்னைவிட நன்றாகப் பிழிகிறார். எனக்கிருக்கும் அரை மணிநேரத்தை உரலைப் பிழிவதில் செலவழிப்பதா, சொதியில் செலவழிப்பதா என்றால் நான் சொதியைத்தான் எடுப்பேன்.


ஒற்றைச்சட்டி (அன்புவழிபுரம்), சனி 4.20

என் மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப்பணி. மாதத்தில் பாதி நாள் இரவுச் சமையல் என்னுடையது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் செய்தது ஒன்றே. ரைஸ் குக்கரில் சிவப்பரிசி, மைசூர்ப் பருப்பு, பூசணித்துண்டு, ஒரு பிடி கீரை, மஞ்சள், உப்பு. இறக்கியபின் தாளித்த வெங்காயமும் செத்தல் மிளகாயும். ஒரு நாள் அதோடு ரின் மீன், ஒரு நாள் கருவாட்டுப் பொரியல், ஒரு நாள் தயிர். பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை.

ரீச்சர், உங்கள் பதிவில் எனக்கு வருத்தம் தந்தது நாற்பது நிமிடம் இல்லை, கடைசிக் கேள்விதான். பிள்ளைகளுக்காக நாற்பது நிமிடம் கிடைக்காதா என்று ஒரு தாயிடம் கேட்டீர்கள். அதே வீட்டில் தகப்பனும் இருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. முந்தைய காலத்தில் ஒரு வீட்டில் மாமி, மச்சாள், தங்கச்சி என்று நாலு கை இருந்தது. இப்போது இரண்டு கைதான், அதுவும் கந்தோர் போய் வந்த கை. புதுக்கறி வேண்டும் என்று சொல்பவர் யார் கத்தி பிடிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.


நீத்துப்பெட்டி (உப்புவெளி), சனி 6.05

தம்பி, எனக்கு நாலு கை இருக்கவில்லை. இவர் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மாமியார் நான் கலியாணம் முடித்து வந்தபோதே இல்லை. என் மூத்த மகள் ஒன்பது வயதில் தேங்காய் துருவப் பழகினாள். திருவலையில் குந்தியிருந்து வாய்ப்பாடு சொல்வாள், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே பிழை திருத்துவேன். அந்தச் சமையல் நேரம் இல்லாவிட்டால் என் பிள்ளைகளோடு நான் கதைத்திருக்கவே மாட்டேன். அதனால்தான் நாற்பது நிமிடம் என்று எழுதினேன். தாயிடம் மட்டும் கேட்டது பிழை, ஒத்துக்கொள்கிறேன். தகப்பனும் அடுப்படிக்குள் வரட்டும், பிள்ளைகளும் வரட்டும். ஆனால் வேலை கூட என்பதற்காக இரவு அடுப்பையே குறைத்துவிட வேண்டும் என்பதை இப்போதும் நான் ஏற்கவில்லை.

கரைவலைத் தம்பி சொன்ன மீன் கணக்கு சரி. மரக்கறிக்கு அது பொருந்தாது. பயற்றங்காயும் கீரையும் இரண்டாம் முறை கொதித்தால் நிறமும் போய், மணமும் போய், வாயில் வைக்கக் களியாகிவிடும்.

இன்னொன்று. உங்கள் திட்டம் எல்லாம் பிரிட்ஜை நம்பி நிற்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. என் பக்கத்து வீட்டுப் பிள்ளை பெட்டி நிறைய உறையவைத்திருந்ததை அள்ளிக் குழிதோண்டிப் புதைத்தாள்.


இரண்டாம்பால் (பாலையூற்று), சனி 8.50

ரீச்சர், நான் இந்த முறையைப் பழகியதே 2022 இல்தான். காஸ் இல்லை. வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டுவிட்டு வந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். கொல்லையில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம். அந்த அடுப்பை ஒரு நாளில் இரண்டு தரம் மூட்ட எனக்குத் தெம்பும் இல்லை, விறகும் இல்லை. காலையில் ஒருதரம் மூட்டி, சோறு, பருப்பு, ஒரு புளிக்குழம்பு. பிரிட்ஜை நம்ப முடியாததால் பால் விட்ட கறியையே விட்டுவிட்டேன். இரவுக்குத் தணல் கிளறி ஒரு ரொட்டி மட்டும் சுடுவேன், வெங்காயமும் செத்தல் மிளகாயும் இடித்துத் தொட்டுக்கொள்வோம். அந்த மாதங்களில் என் பிள்ளைகள் மெலியவில்லை, நோயும் வரவில்லை. காஸ் திரும்பி வந்தபின்தான் மறுபடி இரண்டு நேரக் கறிக்குப் போனேன். ஏன் போனேன் என்று யோசித்தபோது எனக்கே காரணம் கிடைக்கவில்லை. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்ற பயம் மட்டும்தான் இருந்தது.


வயற்காரன் (தம்பலகாமம்), ஞாயிறு காலை 6.30

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். அவிச்ச கோதுமை மா, பாண், ரொட்டி இவைதான் நம் இரவுச் சாப்பாடு என்ற எண்ணத்தில் கதைக்கிறீர்கள். எங்கள் அப்பு காலத்தில் இந்த ஊரில் இரவுக்கும் சோறுதான். புட்டு இருந்தது, ஆனால் அரிசிமாப் புட்டு, குரக்கன் புட்டு.

1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே வருடம் ஏப்ரல் 9 இல் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டார்கள். அரிசியைப் பங்கீட்டுக்குக் கொண்டுவந்து, குறைக்குக் கோதுமை மா கொடுத்தார்கள். சண்டை முடிந்தது, மா வீட்டுக்குள் தங்கிவிட்டது. 1953 இல் பங்கீட்டரிசி கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறியபோது, ஓகஸ்ட் 12 இல் நாடே கடையடைத்தது. அவ்வளவுக்கு அரிசி முக்கியமாக இருந்த சனம் நாங்கள். இப்போது சீனக்குடாவில் துறைமுகக் கரையிலேயே மாவு ஆலை நிற்கிறது, வயலை வைத்துக்கொண்டே இரவுக்கு மா வாங்குகிறோம்.

என் கருத்து: இரவுக்குச் சோறு சாப்பிடுங்கள். வயல் வீடுகளில் ஒரு நாளைக்கு ஒருதரம்தான் உலை வைத்தார்கள். மத்தியானச் சோற்றை இரவு சாப்பிட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி விடியப் பழஞ்சோறாகக் குடித்தார்கள். அந்தப் பிள்ளை செய்வது புதிய பழக்கமே இல்லை.


இரண்டாம்பால் (பாலையூற்று), ஞாயிறு 7.15

ஐயா, கோதுமை மா வந்த கதை எனக்குத் தெரியாது, நன்றி. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருதரம் உலை வைத்தது உண்மை. அதற்கு முன் நெல்லை அவித்து, காயவைத்து, குற்றிப் புடைத்தது அப்பாச்சிமார்தான். அந்தக் காலத்தில் வேலை குறைவு என்று நான் நினைக்கவில்லை.


ஒற்றைச்சட்டி (அன்புவழிபுரம்), ஞாயிறு 8.00

ஐயா, ஒரு கவனம். மத்தியானச் சோறு இரவுவரை வெளியே மூடிக் கிடந்தால் அதில் வளரும் ஒருவகைக் கிருமி நஞ்சை விட்டுவிடும். சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. என் மனைவி வேலையில் இப்படி வருத்தம் வந்தவர்களைக் கண்டிருக்கிறார். சோறு மிஞ்சினால் ஆறியவுடன் குளிரில் வைக்கச் சொல்லுங்கள்.


பனிநிலம் (ரொறன்ரோ), ஞாயிறு 9.10

உவர்மலையில் பிறந்து இங்கே வந்து பதினெட்டு வருடம். நான் சனிக்கிழமை புட்டு அவித்து, ஒரு நேரத்துக்கு ஒரு பை என்று உறையவைத்து, வேலைநாளில் ஆவியில் ஏற்றி எடுக்கிறேன். அவித்தன்று இருந்த மாதிரியே வரும். தேங்காய்ப்பூவும் உறைந்த பொதிதான். ரீச்சர் எழுதிய சுண்டின் சத்தத்தை வாசித்ததும் அம்மாவின் அடுப்படி கேட்டது. இங்கே நான் மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுக்கிறேன்.


நீத்துப்பெட்டி (உப்புவெளி), ஞாயிறு 10.40

மிக்சியில் கொத்தினால் பாதி தூளாகிவிடுமே மகள். விட்டு விட்டு அழுத்தும், தொடர்ந்து சுற்றவிடவேண்டாம்.

வயற்கார ஐயா சொன்ன பழஞ்சோற்றை நான் மறுக்கவில்லை. தண்ணீர் ஊற்றியது வேறு, ஊற்றாமல் மூடி வைத்தது வேறு.

பாலையூற்றுப் பிள்ளை, உம்மிடம் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வியாழன் இரவு மீன்குழம்பு மிஞ்சினால் வெள்ளிக்கு என்ன செய்கிறீர்? எங்கள் வீட்டில் வெள்ளி விடியும்முன் மச்சச் சட்டி எல்லாம் கழுவி முடிந்திருக்க வேண்டும். உம்முடைய முறையில் எப்போதும் ஒரு மிச்சம் இருந்துகொண்டே இருக்குமே.


இரண்டாம்பால் (பாலையூற்று), ஞாயிறு 11.20

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ரீச்சர். அதனால் வியாழக்கிழமை மீனே சமைப்பதில்லை. புதன் மீன் புதனோடு முடியும். வியாழன் மத்தியானம் முட்டைக்குழம்பு அளவாக வைப்பேன், இரவு மாசிச் சம்பல் போத்தலைக் காலியாக்கிக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். இந்த ஒழுங்கை எழுத்தில் போட்டு அலமாரியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன், அவரும் பார்த்துச் செய்யட்டும் என்று.

பயற்றங்காய் பற்றி நீங்கள் சொன்னதை யோசித்தேன். சரிதான். பச்சைக் காய்கறியை இரண்டாவது தரம் சூடாக்கிக் கொடுத்திருக்கிறேன், பிள்ளைகள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பிள்ளைகளின் பிடிவாதம் என்று நினைத்தேன். இனிப் பருப்பு, புளிக்குழம்பு, கிழங்கு மட்டும் பகலில் இருந்து வரட்டும். கீரையோ காயோ அன்றிரவு ஐந்து நிமிடத்தில் சுண்டலாக.


கட்டித்தயிர் (கிண்ணியா), ஞாயிறு 1.30

வல்லாரை என்றால் அடுப்பே வேண்டாம். குறுணியாக வெட்டி, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, கடைசியில் தேசிக்காய். இலையை வெட்டியவுடன் கலந்துவிடுங்கள், வைத்திருந்தால் கறுத்துவிடும். தேங்காய் ஒன்று 200 ரூபாய் வரை போனபோதுகூட இந்தச் சம்பலை நான் நிறுத்தவில்லை, பூவின் அளவைப் பாதியாக்கினேன்.


நீத்துப்பெட்டி (உப்புவெளி), திங்கள் இரவு 8.45

இன்று இரவு எங்கள் வீட்டில் இடியப்பம். நானே பிழிந்தேன், கடையில் வாங்கவில்லை. மத்தியானத்துப் பருப்பு ஒரு கோப்பை மிஞ்சியிருந்தது. வழமையாக அதை நாய்க்குப் போடுவேன். இன்று அதற்குள் இரண்டாம்பால் விட்டு, பச்சைமிளகாயும் வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்து, முதற்பாலை விட்டு நுரை கட்டும்போது இறக்கி, தேசிக்காய் பிழிந்தேன். பருப்புச் சொதி நன்றாகத்தான் இருந்தது. இவர் இரண்டு தரம் வாங்கினார். ஆனால் இதை மிச்சத்தைச் சூடாக்கியது என்று கணக்கில் எடுக்கவேண்டாம் பிள்ளை, இது வேறு கறி.

நீர் சொதி வைக்கும்போது தேசிக்காய் எப்போது விடுகிறீர்? அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.


இரண்டாம்பால் (பாலையூற்று), திங்கள் இரவு 9.20

இறக்கியபின்தான் ரீச்சர், ஆனால் நான் உடனே விட்டுவிடுகிறேன், சில நாள் திரைகிறது. எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும்?

இன்று இங்கே புட்டு. மகன் கொத்தினான். சுண்டு இல்லை, பால்மா பேணியின் விளிம்பால். கட்டி கட்டியாகத்தான் வந்தது, கறி மத்தியானத்துப் புளிக்குழம்புதான். சத்தம் எப்போது மாறும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான், எனக்கும் தெரியவில்லை.


நீத்துப்பெட்டி (உப்புவெளி), திங்கள் இரவு 9.31

சட்டியின் பக்கத்தைத் தொட்டுக் கை வைத்திருக்க முடிந்தால் தேசிக்காய் விடலாம்.

கட்டியாக வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. அடுத்த முறை ஒரு கை மாவை வறட்டு மாவாக ஒதுக்கி வைத்து, கொத்தும்போது இடையில் தூவச் சொல்லும். பேணியின் விளிம்பு பிள்ளையின் கையை வெட்டும், மழுங்கிய எவர்சில்வர்க் குவளை கொடும்.